கிராம சபையில் மாணவர்

அரசியல் என்றவுடன் சட்டசபையும் பாராளுமன்றமுமே நம் நினைவுக்கு வருகின்றன. தெருவில் மழைநீர் வடியாததும் அரசியலே என்று மாணவர் பலர் எண்ணுவதில்லை.

தாம்பரத்துக்கு அணித்தே, காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் ஒன்றியத்தில் உள்ளது திருமுடிவாக்கம் ஊராட்சி. வயலும் ஏரியும் நிறைந்த அவ்வட்டாரத்தில் இன்று சிட்கோ தொழிற்பேட்டையின் இயந்திர ஓசை கேட்கிறது. ஊர் பெருகினால் வரி வருவாய் பெருகும். கழிவுநீரும் குப்பையும் கூடவே பெருகும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அவ்வட்டாரத்தைச் சூழ்ந்தது. கால்வாயைத் தூர்வாருவதா, சாலையைச் செப்பனிடுவதா, எது முதலில்? இதைக் கேட்பதற்குரிய இடம் கிராம சபை.

ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றத்தில் அமர்வோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; அதற்குப் போட்டியிட 21 வயது வேண்டும். கிராம சபைக்கோ தேர்தலே இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வாக்குரிமை வயது 1989-இல் 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு உரிய இடம் தந்தது. ஆகவே கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவியும் எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கையும் தணிக்கை அறிக்கையையும் பற்றி வினவலாம். மக்கள்தொகை 10,000-ஐக் கடந்த ஊரில் 300 பேர் கூடினாலன்றிக் கூட்டம் செல்லாது. அந்த முந்நூறில் இளைஞர் எத்தனை பேர் என்பதே என் கவலை.

அதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று குடவோலை முறையை விவரிக்கிறது. 35 வயதுக்குக் குறைந்தவருக்கும், இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இல்லாதவருக்கும் அங்கு வாரியத்தில் இடமில்லை. அந்த விதிகள் ஒழிந்தது நன்றே. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி, அவர்தம் உறவினரையும் விலக்கிய விதி ஒன்றும் அதிலுண்டு. அதனைப் படிக்குந்தோறும், இன்றும் இருந்தால் என்ன என்று தோன்றும்!

குடியரசு நாள், மே முதல் நாள், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. பெரும்பாலும் விடுமுறை நாட்களே. வகுப்பைக் காரணம் காட்ட இயலாது. முதன்முறை பேசும்பொழுது பெரியவர் சிலர் புன்னகைக்கக்கூடும். பொருட்படுத்தாமல், கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டச் சொல்லலாம்.