பழைய காரின் இருக்கை ஏன் வெடிக்கிறது?

அயோத்தியாப்பட்டணத்தில் என் தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வண்டி அது. சென்ற ஆண்டு எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து ஓட வைத்தாயிற்று. எஞ்சியது உட்புறம் ஒன்றுதான். இருக்கைகள் வெடித்திருந்தன. கதவின் உட்பலகைகள் பாளைபோல் வளைந்திருந்தன. தரைவிரிப்பைத் தூக்கினால் துருத்தூள் கொட்டியது. "எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா அடிச்சிரலாம்" என்பது வீட்டு இளைஞர்களின் தீர்ப்பு. மாமாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அவர் என்னிடம் கேட்டது வேறொரு கேள்வி.

"மாப்பிள்ளை, டிரைவர் சீட்டுக்கு வாரம் தவறாமத் தேங்காயெண்ணெய் போட்டேன். பக்கத்து சீட்டைத் தொட்டதே இல்லை. எண்ணெய் போட்டது வெடிச்சுக் கிடக்குது, போடாதது நல்லா இருக்குது. இது என்ன நியாயம்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்துகொள்ளாமல் பழைய காரின் உட்புறத்தில் கைவைப்பது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு காரை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அதே காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அவரே வடிவமைத்த 'ஸ்பிட்ஃபையர்' என்ற இருவர் அமரும் விளையாட்டுக் கார் 1962-இல் வந்து உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டில் ஹெரால்டு 1961 முதல் 1971 வரை சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. ஆகவே, ஸ்பிட்ஃபையர் வாங்க வழியில்லாத தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதன் உடன்பிறப்பாவது கிடைத்தது எனலாம்! இத்தகைய பழைய கார்களை நேரில் காண விரும்பும் மாணவர்கள், கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் சென்று வரலாம்.

இனி இருக்கைக்கு வருவோம். இருக்கை மீதுள்ள தோல் போன்ற துணியை நாம் அனைவரும் 'ரெக்ஸின்' என்கிறோம். உண்மையில் ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே இருந்த ஒரு தொழிற்சாலையின் வணிகப் பெயர். அந்தப் பழைய ரெக்ஸின், பருத்தித் துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்யப்பட்டது. வெறும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு விறைத்துப் போகும், மடித்தால் உடையும். எனவே இவ்வகைப் பூச்சுகளில் அதை இளக்க எண்ணெய் சேர்த்தார்கள். எந்த எண்ணெய் தெரியுமா? நம் ஆமணக்கெண்ணெய்தான். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஆத்தூர்ச் சாலையில் கிழக்கே சென்றால் வரும் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. அந்தச் செடியின் எண்ணெய், விளக்கெரிப்பதோடும் வயிற்றைச் சுத்தம் செய்வதோடும் நில்லாமல் கார் இருக்கைவரை சென்றிருக்கிறது.

பிற்காலத்தில் நைட்ரோசெல்லுலோஸின் இடத்தைப் பாலிவினைல் குளோரைடு பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் ரெக்ஸின் என்றே நின்றுவிட்டது. ஹெரால்டின் இருக்கையில் இருப்பது இந்தப் புதுவகையே. பாலிவினைல் குளோரைடும் இயல்பில் விறைப்பானதுதான். வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதனால் ஆனதே. ஏறத்தாழ 80° செ. வெப்பம் வரை அது கண்ணாடிபோல் இறுகியிருக்கும். ஒரே பொருள் ஓரிடத்தில் குழாயாகவும் இன்னோரிடத்தில் மெத்தென்ற இருக்கையாகவும் எவ்வாறு விளங்குகிறது? 1926-இல் அமெரிக்க வேதியியலர் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பாலிவினைல் குளோரைடை உயர்ந்த கொதிநிலையுள்ள ஒரு கரைப்பானில் இட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை, வளைந்து கொடுக்கும் களி ஒன்று கிடைத்தது. அதிலிருந்துதான் மழைக்கோட்டும் மின்கம்பி உறையும் கார் இருக்கையும் வந்தன.

நடந்தது இதுதான். பாலிவினைல் குளோரைடின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் பொருள் விறைப்பாக இருக்கிறது. எண்ணெய் போன்ற ஒரு திரவத்தின் சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே புகுந்தால் பிடி தளர்கிறது. சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடிகிறது. இத்திரவத்தை நெகிழ்வூட்டி என்பர். இருக்கைத் துணியின் மேற்பூச்சில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நெகிழ்வூட்டியே இருக்கும். இதற்குப் பெரும்பாலும் தாலேட்டு வகைச் சேர்மங்கள் பயன்பட்டு வந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நெகிழ்வூட்டி சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டிருக்கவில்லை. வெறுமனே இடையில் தங்கியிருக்கிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவர்போல, வசதியான வேறிடம் கிடைத்தால் வெளியேறிவிடும். காற்றில் ஆவியாக வெளியேறுவது ஒரு வழி. வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியில், உட்புறமாக, துடைத்தாலும் இழுபடும் எண்ணெய்ப் படலம் ஒன்று படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும் பங்கு இருக்கையிலிருந்தும் முகப்புப் பலகை உறையிலிருந்தும் கிளம்பி, கண்ணாடியில் குளிர்ந்து படிந்த பொருள்களே. இன்னொரு வழி, தொடும் பொருளுக்குள் புகுவது. தாலேட்டுகள் நீரில் கரைவதில்லை. ஆனால் எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரைகின்றன. எண்ணெய்ப் பதார்த்தங்களை இத்தகைய பிளாஸ்டிக்கில் பொதியக் கூடாது என்று எச்சரிப்பதும் இதனால்தான்.

மாமாவின் கேள்விக்கு விடை இப்போது தெளிவாகிறது. அவர் தடவிய தேங்காயெண்ணெய் துணிக்குள் இறங்கி அதை இளக்கவில்லை. மேலே நின்றுகொண்டு உள்ளிருந்த நெகிழ்வூட்டியைத் தன்பால் இழுத்தது. அடுத்த வாரம் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் பூசும்போது, வெளிவந்த நெகிழ்வூட்டியும் துடைத்த துணியோடு போயிற்று! பளபளப்பு அதிகரிக்க அதிகரிக்க உயிர்ச்சத்து குறைந்துகொண்டே வந்தது. பழி முழுவதையும் எண்ணெயின் மேல் போடுவதும் முறையன்று. டிரைவர் இருக்கையில்தான் ஒருவர் நாள்தோறும் ஏறி இறங்குகிறார்; மடிப்பும் உராய்வும் அங்கே மிகுதி. ஆனால் இரு இருக்கைகளும் ஒரே வெயிலைக் கண்டவை என்பதால், வெயிலை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

வெயிலின் பங்கும் சிறிதன்று. அமெரிக்காவில் அரிசோனாவில் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களில் உட்காற்று சராசரியாக 47° செ., இருக்கை 51° செ., முகப்புப் பலகை 69° செ. வரை ஏறின. சேலத்துச் சித்திரை வெயிலும் 40° செ.-ஐத் தொடுவதுண்டு. பத்துப் பாகை வெப்பம் ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஒரு தோராய விதி. இதன்படி 30 பாகையில் நடக்கும் சிதைவு 70 பாகையில் பதினாறு மடங்கு வேகமாக நடக்கும். போதாததற்கு, சாதாரணக் கண்ணாடி நீண்ட அலைப் புற ஊதாக் கதிரில் பெரும் பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. அக்கதிரும் வெப்பமும் சேர்ந்து சங்கிலியிலிருந்து ஹைடிரஜன் குளோரைடைப் பிரிக்கின்றன, நிறம் பழுப்பாகிறது. ஆகவே நிழற்கொட்டகையும், காற்று போகுமளவுக்குக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதும், கடையில் விற்கும் எந்த மெருகையும்விட மேலானவை.

போன நெகிழ்வூட்டியை வீட்டில் திரும்பச் சேர்க்க வழியில்லை. 'பழைய ரெக்ஸினைப் புதிதாக்கும்' என்று விற்கப்படும் சிலிக்கோன் மெருகுகள் மேலே மினுக்கம் தருவதோடு சரி. எனவே, எதைக் காப்பாற்ற முடியும், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று முதலில் பிரித்துப் பார்த்தோம். துணியை விரலில் மெல்ல மடித்தால் வெள்ளைக் கோடு விழாமல் வளைகிறதா? ஆமெனில் அதற்கு உயிர் இருக்கிறது. டிரைவர் இருக்கை தேறவில்லை. பக்கத்து இருக்கையும் பின்னிருக்கையும் தேறின. அவற்றை இளஞ்சூட்டு நீரில் கலந்த சோப்பால் மட்டும் துடைத்தோம். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் மூன்றும் எண்ணெயைப் போலவே நெகிழ்வூட்டியைக் கரைத்தெடுப்பவை, அவற்றைத் தொடக்கூடாது.

துணி எந்த வகை என்று ஐயம் எழுந்தால் பள்ளி ஆய்வகச் சோதனை ஒன்று போதும். செம்புக் கம்பியைச் சுடரில் காட்டி, பச்சை நிறம் மறையும்வரை காய்ச்ச வேண்டும். பிறகு சூடான கம்பியால் துணியின் மறைவான ஓரத்திலிருந்து வெட்டிய கடுகளவுத் துண்டைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால் பச்சைச் சுடர் எழும். குளோரின் இருப்பதற்கு அதுவே அடையாளம். வரும் புகை நச்சுத்தன்மை உடையது; வெளியிடத்தில், ஆசிரியர் முன்னிலையில் செய்க. மிகப் பழைய வண்டியாயின் அது நைட்ரோசெல்லுலோஸாக இருக்கலாம், குப்பென்று தீப்பற்றும். கார் அருகில் இச்சோதனை கூடவே கூடாது.

டிரைவர் இருக்கையின் உறையைக் கிழிக்காமல் தையல் தையலாகப் பிரித்தோம். பழைய துண்டுகளே புதிய துணிக்கு அளவு மாதிரி. உள்ளே முன்பு யாரோ வைத்த ரப்பரூட்டிய தேங்காய் நார் இருந்தது. ரப்பர் ஆக்சிஜனால் பொடிந்து உதிர்ந்தாலும், லிக்னின் நிறைந்த நார் கெடாமலே இருந்தது. அதன் மேலிருந்த நுரைப்பஞ்சு மட்டும் விரலால் அழுத்தியதும் மாவாயிற்று. அதை மாற்றினோம்.

தைப்பதில் ஒரு பிழை செய்தேன். நெருக்கமான தையலே உறுதியானது என்றெண்ணி முதல் ஓரத்தைப் பொடித் தையலாகப் போட்டேன். இழுத்துப் பூட்டியபோது அஞ்சல் தலை கிழிவதுபோல் வரிசையாகக் கிழிந்தது. துணியில் ஊசித்துளை இழைகளுக்கிடையே மூடிக்கொள்ளும். ரெக்ஸினில் அது என்றும் துளைதான். நாமக்கல்லில் லாரிகளுக்குக் குஷன் வேலை செய்து பழகிய ஒருவர், 4 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போதுமென்றார். பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூல் வெயிலைத் தாங்கும் என்றும், துணியை அரைமணி வெயிலில் காயவைத்து இளகியபின் இழுத்து மாட்டுங்கள் என்றும் சொன்னார். நெகிழ்வூட்டி செய்யும் வேலையைச் சற்று நேரம் வெப்பமும் செய்கிறது என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கதவுப் பலகைகள் ஹார்டுபோர்டால் ஆனவை. ரெக்ஸின் ஒட்டிய பக்கம் ஈரம் ஏறாது. திறந்த பின்பக்கம் ஏறும். மழைநீர் கண்ணாடி இடுக்கின் வழியே கதவுக்குள் இறங்குவது இயற்கை. அது வெளியேறக் கதவின் அடியில் துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டிருந்தன. துளைகளைத் திறந்து, பலகையின் குழிந்த பக்கத்தை இலேசாக நனைத்து, நான்கு நாள் பாரம் ஏற்றி நிமிர்த்தினோம். பின்பக்கமும் ஓரங்களும் வார்னிஷ் பூசியபின், பலகைக்கும் கதவுக்கும் இடையே பாலிதீன் தாள் ஒட்டினோம். ரெக்ஸினை ஒட்ட மஞ்சள் நிற ரப்பர் பசை. இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவு காயும்வரை பொறுத்திருந்து அழுத்த வேண்டும். கரைப்பான் உள்ளே சிக்கினால் வெயிலில் குமிழ் எழும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியே ஏற்றது.

தரையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: விரிப்புக்கடியில் நீரை உறிஞ்சி வைத்திருந்த சணல் மெத்தையை எறிந்துவிட்டு, தகட்டைத் துரு நீக்கி வண்ணம் பூசினோம். இந்த வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும். நாங்கள் கடைசியில் செய்ததால் புதிய இருக்கையை மறுபடியும் கழற்ற நேர்ந்தது.

புதிய டிரைவர் இருக்கையின் நிறம் பழையவற்றோடு முற்றிலும் பொருந்தவில்லை. இளைஞர்களுக்கு அது குறையாகத் தெரிகிறது. மாமா பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்துவிட்டு, "இது அதேதான்" என்றார். பழைய டிரைவர் இருக்கையின் ஒரு துண்டைக் காகித உறையில் இட்டு, மாற்றிய தேதியும் எண்ணெய் தடவிய விவரமும் எழுதி, இருக்கைக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறோம். தேங்காயெண்ணெய்ப் புட்டி சமையலறைக்குத் திரும்பிவிட்டது.