சுருதி இறங்கினால் தந்தி பருக்கட்டும்!

ஓசூர்ப் பக்கத்துத் தாய்மார்களே! உங்கள் பிள்ளை பெங்களூர்ச் சிநேகிதர்களோடு சேர்ந்து பாஸ் கிதார் வாசிக்கிறானா? திடீரென்று ஒருநாள் வாத்தியம் கடகடவென்று இரைந்து, "புதுசு வேண்டும்" என்று அவன் அடம் பிடித்தால், உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். பிள்ளையாண்டான் சுருதியை இறக்கியிருப்பான்!

ஐந்து கட்டைக்குப் பாடும் பெண்ணின் தம்பூராவை ஒரு கட்டைக்கு இறக்கினால் தந்தி தொய்ந்து போகாதா? அதே கதைதான் இதுவும்.

1951-இல் லியோ பெண்டர் கொண்டுவந்த பாஸ் கிதாரில் தந்தி நீளம் 34 அங்குலம். இன்றும் அதுவே பெருவழக்கு. நான்கு தந்திகளில் மிகப் பருத்தது விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். முரட்டு ராக் பாட்டுகளுக்காக அதை மட்டும் 37-க்கு இறக்குவார்கள். 'டிராப் டி' என்று பெயர். அதிர்வு பத்தில் ஒரு பங்கு குறைந்தால், தந்தியின் இழுப்போ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்! தொய்ந்த தந்தி மெட்டுகளில் இடிக்காமல் என்ன செய்யும்?

வழக்கமான செட்டில் அந்தத் தந்தியின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் 105 பங்கு. பழைய இழுப்பு முழுவதும் திரும்பக் கணக்குப்படி 118 வேண்டும். 110 அல்லது 115 போதும் என்பது என் கட்சி. அதற்கு மேல் போனால் நாதம் மந்தமாகிவிடும். ஆயிரத்தில் ஐந்து என்ன பிரமாதம் என்கிறீர்களா? டைட்டன் கைக்கடிகாரம் செய்யும் ஊரில் கேட்கிற கேள்வியா அது!

மற்ற மூன்று தந்திகளையும் மாற்ற வேண்டாம். நான்கையும் இறக்குகிறவனுக்குத்தான் முழு செட்டும் பருமனாக வேண்டும். புதுத் தந்தி தலைப்பக்கத்துப் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உட்காராவிட்டால் விஷயம் தெரிந்தவர் கையால் அராவ வேண்டும். பிள்ளையிடம் அரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்!