ஒரு நோட்டும் கொஞ்சம் எலுமிச்சை சாதமும்

கும்மிடிப்பூண்டிக்கு தினமும் ரயிலில் போய்வருகிற ஆசாமிகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நின்றுகொண்டே தூங்குவார்கள். எண்ணூர் வந்தால் கண்ணைத் திறக்காமலே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

1997-ல் நானும் அப்படி ஒரு ஆசாமி. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். எழுத்து என்றால் எனக்குத் தெரிந்தது, 'வித் ரெபரன்ஸ் டு யுவர் லெட்டர்...' அவ்வளவுதான். லீவ் லெட்டர்கூட பக்கத்து சீட்டைப் பார்த்து எழுதுகிற ரகம்!

எங்கள் பெட்டியில் ஆறு பேர் ஒரு செட். திருவொற்றியூர் லேத் ஆபரேட்டர் ஒருத்தர். திருவள்ளூரிலிருந்து வருகிற லேப் கெமிஸ்ட் ஒருத்தர். அந்த வருஷம்தான் மாவட்டத்தைப் பிரித்து, திருவள்ளூரை எங்கள் தலைநகர் ஆக்கியிருந்தார்கள். ஆனால் ரயிலில் போகவேண்டுமானால் சென்னைப் பக்கம் வந்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறித்தான் போகவேண்டும். அந்தக் கெமிஸ்ட் தினமும் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

வேலை? சீட்டாட்டம்தான். ஒருநாள் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது அடித்த காற்றில் பாதிச் சீட்டுக்கட்டு ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. ஸ்கோர் எழுதுகிற நோட்டு மட்டும் மிச்சம். லேத் ஆபரேட்டர் அதில், 'ஆற்றில் விழுந்து அகால மரணமடைந்த இருபத்தாறு சீட்டுகளுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று அரைப் பக்கம் எழுதி நீட்டினார். பெட்டியே சிரித்தது. மறுநாள் கெமிஸ்ட், தப்பிப் பிழைத்த ஒரு ஆர்ட்டின் ராணி பேசுவதுபோல ஒரு பக்கம் எழுதி வந்தார். தமிழுக்கு அந்தக் காற்று செய்த தொண்டு அதற்கே தெரியாது!

அப்புறம் சட்டதிட்டம் வந்தது. ஒருத்தரிடம் ஒரு ராத்திரிதான் நோட்டு இருக்கும். குறைந்தது ஒரு பக்கமாவது எழுதாமல் திருப்பித் தரக்கூடாது. படித்தவர்கள் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் அபிப்பிராயம் எழுதலாம், திட்டலாம், கெட்ட வார்த்தை மட்டும் கூடாது.

என் முதல் கட்டுரை, ஆபீஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் பற்றி. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'ரெண்டாவது பாராவுல சிரிச்சேன். நாலாவதுல தூங்கிட்டேன். மீஞ்சூர்ல இறங்க வேண்டியவன், அத்திப்பட்டு போய்த்தான் முழிச்சேன்.' கோபம் வரவேண்டும், வரவில்லை. நாலாவது பாராவை ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து மாற்றினேன். 'என்னடா, பரிட்சையா?' என்றாள் அம்மா.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. எனக்கு எழுத வராது என்றில்லை. நான் எழுதுவதைப் படிக்க அதுவரை யாரும் இருந்ததில்லை.

இந்த மாதிரி நோட்டு ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்த அதிசயம் இல்லை. கவிஞர் வாலி சினிமாவுக்கு வருவதற்கெல்லாம் முன்னால் ஸ்ரீரங்கத்தில் நண்பர்களோடு 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்தான். அதைவிட எனக்குப் பிடித்தது இடைசெவல் கதை. கோவில்பட்டிப் பக்கம் சின்ன ஊர். 1923-ல் ஒரே மாதத்தில் அங்கே பிறந்த இரண்டு பேர், கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும். அழகிரிசாமி சென்னை, மலேயா என்று பத்திரிகை வேலைக்குப் போனார். கி.ரா. ஊரிலேயே விவசாயம். நடுவில் கடிதங்கள், பிற்பாடு அழகிரிசாமியின் கடிதங்கள் புத்தகமாகவே வந்தன. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட கி.ரா., கதை எழுத வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1991-ல் சாகித்ய அகாதமி பரிசு! சிநேகிதனுக்குக் கடிதம் எழுதி எழுதித்தான் அந்தக் கை பழகியிருக்கவேண்டும் என்பது என் கட்சி. பண்டிதர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

இன்னொன்று. எங்கள் வண்டி கிளம்புகிற புறநகர் நிலையம் இருக்கிறதே, அது பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம். பழைய புத்தகத்துக்குப் பேர்போன அந்த மார்க்கெட் 1985-ல் தீயில் போய்விட்டது. அந்த மண்ணுக்கு ஏதோ ஒரு வாசனை மிச்சம் இருந்திருக்கவேண்டும் என்பார் கெமிஸ்ட்.

சரி, எலுமிச்சைக்கு வருகிறேன்.

எங்கள் செட்டில் மூத்தவர், ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தவர். நோட்டில் எழுதவே மாட்டார். 'எனக்கென்னப்பா வரும்?' என்று எல்லாருக்கும் முன்பே ரூல் தள்ளுபடி வாங்கியிருந்தார். தினமும் டப்பாவில் எலுமிச்சை சாதம். திங்கள் எலுமிச்சை, செவ்வாய் எலுமிச்சை... எனக்குக் கை துறுதுறுத்தது. 'எலுமிச்சை மகாத்மியம்' என்று மூன்று பக்கம் எழுதினேன். சாருக்கு மாமனார் சீதனமாக எலுமிச்சைத் தோப்பு எழுதிக்கொடுத்தாரா, வீட்டம்மாவுக்கு அடுப்பில் வேறு எதுவும் ஏற்ற வராதா என்றெல்லாம்.

சத்தமாகப் படித்தோம். பெட்டி அதிர்ந்தது. அவரும் சிரித்தார்.

மறுநாள் அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. அதற்கு மறுநாளும்.

கெமிஸ்ட்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அவருக்குக் கஞ்சி, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டப்பா, தனக்கு டப்பா என்று எல்லாம் இவரே. கால் மணியில் ஆகிற சமையல் எது சொல்லுங்கள்?

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிளாட்பாரத்தில் போய் நின்றேன். "சார்..." என்பதற்குமேல் வரவில்லை. "பரவாயில்லப்பா, வண்டி வருது பாரு" என்று வேறு பெட்டிக்குப் போய்விட்டார். வாய் உதவாது என்று தெரிந்து ராத்திரி நோட்டில் எழுதினேன். ஆறு தடவை கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் நான் நல்லவன் என்று காட்டுகிற மாதிரியே வந்து நின்றது. கடைசியில் நாலே வரி. ஜன்னல் வழியாக அவர் மடியில் நோட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

நாலு நாள் நோட்டு வரவில்லை. "போச்சு வாத்யாரே, பத்திரிகை க்ளோஸ்" என்றார் லேத் ஆபரேட்டர்.

ஐந்தாம் நாள் விம்கோ நகரில் அவர் எங்கள் பெட்டியில் ஏறினார். நோட்டை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு பக்கம்! தலைப்பு: 'எலுமிச்சை சாதம் செய்வது எப்படி?'

என் நாலு வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு மணிக்கு விளக்குப் போட்டால் அந்த அம்மா விழித்துக்கொள்வாள் என்று ஸ்டவ் வெளிச்சத்திலேயே தாளிப்பது. அவள் எப்படியும் விழித்துத்தான் இருப்பது. கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, உள்ளேயிருந்தே 'போதும், இறக்குங்க, கருகப் போவுது' என்று குரல் கொடுப்பது. 'அவள் இப்போதும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், காதால்' என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

பெட்டியில் யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. நோட்டு ஒவ்வொரு கையாகப் போய்வந்தது. பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் எப்போது போனது என்று தெரியாது. ஓரத்தில் பென்சில் குறிப்பு எழுத ஒருத்தருக்கும் கை வரவில்லை. லேத் ஆபரேட்டர் மட்டும் கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது, "நாளைக்கு எங்களுக்கும் ஒரு வாய் கொண்டாங்க சார்" என்றார்.

கொண்டுவந்தார். பெரிய டப்பா.

அதற்கப்புறம் மூன்று நோட்டு முடித்தோம். அதிகமாக எழுதியது அவர்தான். ஒருத்தர் ஓசூர் போனார், ஒருத்தர் வளைகுடா போனார், செட் கலைந்தது. நோட்டுகள் என் பீரோவில் இருக்கின்றன. இரண்டாவதில் மஞ்சள் கறை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ரிடையராகிப் பல வருஷம் ஆகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்:

'பெருங்காயத்தை விட்டுட்டீங்க.'