செகண்ட் ஹேண்ட் டீசல் கார்... லாபமா, தலைவலியா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

பாடைகட்டி மாரியம்மன் கோயிலுக்கும் வெடிக்கடைகளுக்கும் பெயர்போன ஊர் வலங்கைமான். கும்பகோணம் - மன்னார்குடி சாலையில் இருக்கும் இந்த ஊரிலிருந்து கும்பகோணம் சுமார் பத்து கிலோமீட்டர். பிள்ளைகளின் காலேஜ், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கும்பகோணம்தான். அங்கே முடியாவிட்டால் தஞ்சாவூர். பஸ் இருக்கிறது, வீட்டுக்கு வீடு டூவீலரும் இருக்கிறது. ஆனாலும், வயதான அம்மாவை மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்ற நிலை வரும்போது, 'சின்னதா ஒரு கார் வாங்கிட்டா என்ன?' என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிடும்.

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நாள்களில் இந்தப் பேச்சு சூடு பிடிக்கும். கையில் இருப்பதோ மூன்று, மூன்றரை லட்சம். புதுக் காருக்குப் போதாது. கார் கன்சல்டிங்கில் போய் நின்றால், பளபளவென்று பாலிஷ் போட்ட டீசல் வண்டியைக் காட்டி, 'டீசல்னா மைலேஜ் பின்னும் அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க' என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் என்ன ஆகும், திறந்துகொண்டு எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்ப்போம்.

இத்தனை டீசல் கார்கள் எங்கிருந்து வந்தன?

இந்தியாவில் சின்ன டீசல் காருக்கு வாசலைத் திறந்தது, 1998-ல் அறிமுகமான டாடா இண்டிகா. 2007-ல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் வந்ததும் சந்தையே மாறியது. ஸ்விஃப்ட்டில் இருந்தது இத்தாலியின் ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 சி.சி. இன்ஜின். அதே இன்ஜின் மாருதி ரிட்ஸ், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல வண்டிகளில் ஏறியதால், அதற்கு 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று செல்லப்பெயரே உண்டு.

அப்போது டீசல் விலையை அரசு மானியம் கொடுத்துக் கட்டுக்குள் வைத்திருந்தது. 2012 மே மாதத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அதனால், ஆபீஸுக்கு ஐந்து கிலோமீட்டர் போகிறவர்கூட டீசல் கார் வாங்கினார். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இப்போது வித்தியாசம் எட்டு ரூபாய் அளவில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, மாருதி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விலக, புதிதாக விற்பனையில் இருக்கும் டீசல் ஹேட்ச்பேக் என்று சொல்ல டாடா அல்ட்ராஸ்தான் மிச்சம். எனவே, சந்தையில் நீங்கள் பார்க்கும் சின்ன டீசல் கார்களில் பெரும்பாலானவை, அந்த 30 ரூபாய் காலத்திலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் விற்றவை.

முதலில் கிலோமீட்டர் கணக்கு

டீசல் லிட்டர் 93 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய டீசல் ஹேட்ச்பேக் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும், அதே அளவு பெட்ரோல் கார் 16 கிலோமீட்டரும் கொடுக்கின்றன என்று கொள்வோம். டீசலில் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 65 காசு. பெட்ரோலில் 6 ரூபாய் 30 காசு. மிச்சம், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 65 காசு.

வலங்கைமானிலிருந்து தினமும் கும்பகோணம் போய்த் திரும்புகிறவருக்கு மாதம் 500 கிலோமீட்டர், வருடத்துக்கு 6,000. அவருக்கு டீசலால் மிச்சமாவது வருடத்துக்குச் சுமார் 10,000 ரூபாய். தஞ்சாவூரில் வேலை பார்த்துக்கொண்டு காரில் போய் வருகிறவருக்கு ஒரு நாளைக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் என்றால் மிச்சம் 33,000 ரூபாய்.

டீசல் காரில் ரிப்பேர் வந்தால் பில் பெரிதாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியில் நான்கு இன்ஜெக்டர்கள். புதிதாக மாற்றினால் ஒன்றுக்கே பத்தாயிரத்தைத் தாண்டலாம். டர்போ போனால் அதைவிடப் பெரிய செலவு. முதலாமவரின் ஒரு வருட மிச்சத்தை ஒரே ஒரு இன்ஜெக்டர் விழுங்கிவிடும். இரண்டாமவரால் தாக்குப்பிடிக்க முடியும். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர், அதே பணத்தில் நல்ல பெட்ரோல் கார் தேடுவதே நல்லது.

குறைவாக ஓட்டுவதில் இன்னொரு பிரச்னையும் உண்டு. டீசல் இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிட்டால், புகைக்கரி உள்ளேயே படியும். புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொள்ளும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய் வரும் டீசல் கார், ஓடாமலேயே கெட்டுப்போகும்.

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். 'லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு, ஆயில் மாத்துறதைத் தவிர ஒண்ணும் செய்யல' என்பவர்கள் ஒரு பக்கம். 'வாங்குன விலையில பாதியை மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டேன்' என்பவர்கள் மறுபக்கம். இருவரிடமும் இருப்பது ஒரே மாடலாகக்கூட இருக்கும். முந்தைய ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் வித்தியாசம்.

மாடல்வாரியாகப் பரவலாகச் சொல்லப்படுபவை இவை:

ஸ்விஃப்ட், ரிட்ஸ்: எந்த ஊரிலும் மெக்கானிக் உண்டு, உதிரிபாகமும் உண்டு. விற்றாலும் விலை கிடைக்கும். குறை என்றால், 2,000 ஆர்.பி.எம். தாண்டும்வரை இழுவை மந்தம். அதனால் டவுனுக்குள் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருக்கும், கிளட்ச் தேயும். டைமிங் செயின் சத்தத்தையும் கவனிக்க வேண்டும்.

ஹூண்டாய் ஐ20, கிராண்ட் ஐ10: உள்ளே வசதி, ஏ.சி. இரண்டையும் பாராட்டுவார்கள். கிராண்ட் ஐ10-ல் மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் ஸ்டார்ட் செய்யும்போது அதிர்வு தெரியும்.

டொயோட்டா எடியோஸ் லிவா: பார்க்க சாதாரணம், உழைப்பில் மாடு என்பார்கள். எடியோஸ் குடும்பமே டாக்ஸிக்கு அதிகம் ஓடியது. மஞ்சள் போர்டாக இருந்து ஓன் போர்டாக மாறிய வண்டியா என்று ஆர்.சி.யில் பாருங்கள்.

ஃபோர்டு ஃபிகோ: 2010-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்த வண்டி. ரோட்டைப் பிடித்து ஓடும் என்று ஓட்டுபவர்கள் சிலாகிப்பார்கள். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்த முடிவெடுத்ததால் விலை மலிவு. முதல் தலைமுறை 1.4 டீசலில் டைமிங் பெல்ட் இருக்கிறது. எப்போது மாற்றினார்கள் என்ற பில்லைக் கேளுங்கள். பெல்ட் அறுந்தால் இன்ஜினுக்கே ஆபத்து.

செவர்லே பீட்: கூவிக் கூவி விற்பார்கள். அந்த நிறுவனம் 2017-லேயே இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது. உங்கள் மெக்கானிக்கிடம் 'ஸ்பேர் கிடைக்குமா?' என்று கேட்ட பிறகே விலை பேசுங்கள்.

காலையில் போங்கள், மெக்கானிக்கோடு போங்கள்

டீசல் வண்டியைப் பார்க்க நல்ல நேரம் காலை. 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து குறையை மறைத்திருக்கலாம்.

குளிர்ந்த இன்ஜின் ஓரிரு சுற்றில் பிடிக்க வேண்டும். புகையைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கறுப்புப் புகை கொட்டினால் இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர். பக்கம் கோளாறு இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை 'குப் குப்' என்று வேகமாகத் தள்ளுகிறதா? இன்ஜின் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பதில் நம் பக்கம் ஒரு சிக்கல். டெல்டாவில் மேடே கிடையாது. ரயில்வே மேம்பாலம்தான் நமக்கு மலை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. புகை கக்கிக்கொண்டு திணறினால் டர்போவைச் சோதிக்க வேண்டும்.

மீட்டரில் 70,000 கிலோமீட்டர் என்று இருப்பதை அப்படியே நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பது பழைய வித்தை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரை ஓனர் மூலமாகவே கேட்டு வாங்குங்கள். ஸ்டீயரிங், கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட் எல்லாம் தேய்ந்து, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூழ்கிய வண்டியும் டெல்லி வண்டியும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு வெளியூர்களுக்கு விற்பனைக்கு வருவதுண்டு. கண்டுபிடிக்க எளிய வழி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது. அடியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழி, கார்ப்பெட்டின் அடிப்பகுதி, ஹெட்லைட்டின் உட்புறம் ஆகிய இடங்களையும் பாருங்கள்.

'டெல்லி வண்டி, பாதி விலை' என்பது இன்னொரு தூண்டில். டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளை ஓட்டுவதற்கு எதிராக 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து, அங்கே பழைய டீசலுக்கு மதிப்பு சரிந்தது. அந்தப் பத்தாண்டுத் தடை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. ஆனால், வண்டியை இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் பாதி விலை பாதியாக இருக்காது.

பேப்பர் முடியாமல் பணம் முடியக் கூடாது

நம் ஊர்களில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது பெயர் மாற்றம். 'படிவத்துல கையெழுத்து வாங்கிக்கங்க, மெதுவா மாத்திக்கலாம்' என்பார்கள். வருடக்கணக்கில் பழைய ஓனர் பெயரிலேயே வண்டி ஓடும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு, ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கே. விற்பவருக்கு அது ஆபத்து. வாங்குபவருக்கோ, இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும் நாளில் சிக்கல்.

படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி 30 நாள்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் எச்.பி. என்று பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். எம்-பரிவாகன் ஆப்பில் எஃப்.சி. தேதி, இன்ஷூரன்ஸ், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

வண்டியின் வயதையும் கணக்கில் எடுங்கள். சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 ஆண்டுகள். 2012 வண்டி என்றால் 2027-ல் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி, எஃப்.சி.க்காகப் பார்க்கும் வேலைகள் தனி.

வாங்கிய பிறகு

டெல்டாவுக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். அறுவடை நாளில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மீது ஏற்றி ஓட்டாதீர்கள். அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். அடுத்தது எலி. வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் நிறுத்திய காரின் வயர்களை ஒரே இரவில் கடித்துவிடும். இப்போதைய டீசல் இன்ஜினில் சென்சார் வயர் ஒன்று அறுந்தாலே வண்டி நின்றுவிடும்.

கையில் மூன்றரை லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்குள் வண்டியைப் பாருங்கள். மீதி 50,000 முதல் வருடச் செலவுக்கு இருக்கட்டும். வாங்கியதும் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி அந்தத் தேதியை எழுதி வையுங்கள். நல்ல டீசல் கார், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருடம் ஓடும். நீங்கள் தினமும் தஞ்சாவூர் போகிறவராக இருந்தால் அது உங்களுக்கான வண்டி. மாதம் இரண்டு முறை அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போக மட்டும் என்றால், பெட்ரோல் கார் போதும்.