பதில் வரும்வரை ஜெபிப்பதா, வராவிட்டாலும் ஜெபிப்பதா? கோணான்குப்பத்தில் இருந்து ஒரு கேள்வி

பீங்கான் பொம்மைகளுக்கும் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கும் பேர் போன ஊர் விருத்தாசலம். அதே வட்டாரத்தில், முகாசாபரூர் அருகே இருக்கிறது கோணான்குப்பம் என்ற சிறிய கிராமம். இங்குள்ள பெரியநாயகி மாதா கோயிலின் ஜனவரி திருவிழாவுக்கு, கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, மற்ற மதத்தினரும் வருகிறார்கள். குழந்தை வரம், வேலை, கடன், நோய் என்று ஒரே வேண்டுதலை வருடக்கணக்கில் சுமந்து வருபவர்களும் உண்டு.

இங்குதான் ஒரு கேள்வி எழுகிறது. "எத்தனை நாள்தான் கேட்டுக்கிட்டே இருக்கிறது? கடவுளுக்கே தெரியாதா?" கிறிஸ்தவ மரபில் இந்தக் கேள்வி புதிதல்ல. விடாமல் ஜெபிப்பது என்றால் என்ன, அதை எப்படிக் கற்றுக்கொள்வது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

கோணான்குப்பத்தின் கதை என்ன?

இந்தக் கோயிலைக் கட்டியவர் நமக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமான வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த இயேசு சபைத் துறவி. 1710-ல் இந்தியா வந்து, தமிழ் கற்று, சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் படைத்தவர். சதுரகராதியும் அவர் தந்ததுதான்.

ஊரில் சொல்லப்படும் வாய்வழி வரலாறு இது: முனிவர் இந்த வழியாக வந்தபோது, அவர் கொண்டுவந்த மாதா சிலை ஒன்று காணாமல் போய்விடுகிறது. ஆடு மேய்க்கும் சிறுவர்கள் அதைப் புதரில் ஒளித்து வைத்துவிட்டார்கள். குழந்தை இல்லாமல் ஏங்கிய முகாசாபரூர் கச்சிராயரின் கனவில் மாதா தோன்றி, தனக்கு ஒரு கோயில் கட்டச் சொல்கிறார். சிலை கிடைக்கிறது, கோயில் எழுகிறது, குழந்தையும் பிறக்கிறது.

விருத்தாசலம் கோயிலில் உள்ள அம்மன் பெயரும் பெரியநாயகிதான். வந்த இடத்து மக்களுக்குப் பழகிய பெயரையே முனிவர் மாதாவுக்கும் சூட்டினார்.

கேட்க நல்ல கதை. ஆனால் 'வேண்டினார், கிடைத்தது' என்று மட்டும் இதை எடுத்துக்கொண்டால், பத்து வருடமாக வேண்டியும் கிடைக்காதவர்களுக்கு என்ன பதில்?

பைபிள் என்ன சொல்கிறது?

விடாத ஜெபத்துக்குப் பெரும்பாலும் காட்டப்படுவது லூக்கா 18-ம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை. கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத நீதிபதி ஒருவர். அவரிடம் ஒரு விதவை நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்ப வருகிறார். கடைசியில், 'இந்த அம்மா தொல்லை தாங்கலை' என்ற நிலையில் அவருக்கு நியாயம் செய்கிறார் நீதிபதி.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கடவுள் அந்த நீதிபதி மாதிரி, நச்சரித்தால்தான் மசிவார் என்று புரிந்துகொள்கிறார்கள். கதை சொல்வது அதற்கு நேர் எதிர். அப்படிப்பட்ட ஆளே இறங்கி வரும்போது, நேசிக்கும் கடவுள் கேட்காமல் இருப்பாரா என்பதுதான் அதன் வாதம். இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த விதவை கேட்டது நியாயம்.

அதே இயேசு மத்தேயு 6-ம் அதிகாரத்தில், அதிகம் பேசினால் கடவுள் கேட்பார் என்று நினைத்து வார்த்தைகளை அடுக்காதீர்கள் என்கிறார். இது முரண்பாடு இல்லையா? இல்லை. அவர் தடுப்பது, சொற்களை எண்ணிக் கணக்குக் காட்டும் பேரத்தை. ஊக்குவிப்பது, மறுபடி மறுபடி திரும்பி வரும் உறவை. அம்மாவுக்குத் தினமும் போன் பண்ணுகிறவர் தினமும் புதுச் செய்தி சொல்வதில்லையே!

இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். சீடர்களே இயேசுவிடம், "எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அதற்கு அவர் தந்தது 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் ஜெபம். வீரமாமுனிவரின் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரும் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற கையேட்டை எழுதினார். 1548-ல் போப்பின் ஒப்புதல் பெற்ற அந்த நூல், உடற்பயிற்சி போலவே ஜெபத்துக்கும் முறை உண்டு என்கிறது. அதிலும் மரபிலும் உள்ள சில எளிய வழிகள்:

• நேரத்தை முன்பே முடிவு செய்வது. 'மூடு வந்தால் ஜெபிக்கலாம்' என்றால் அது நடக்காது. பத்து நிமிடம் போதும். ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம்.

• மனம் வறண்ட நாளில் குறைக்காமல் இருப்பது. ஒன்றுமே தோன்றாத நாளில், குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்காரச் சொல்கிறார் இஞ்ஞாசியார். மனம் சோர்ந்திருக்கும்போது பழைய முடிவுகளை மாற்ற வேண்டாம் என்பது அவருடைய இன்னொரு விதி.

• சொல் வராதபோது மூச்சைத் துணைக்கு அழைப்பது. தெரிந்த ஜெபத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று மெதுவாகச் சொல்வது. அவசரம் தானாகக் குறையும். ஜெபமாலை உருட்டும் கத்தோலிக்கர்களுக்கு விரல்களும் இந்த வேலையைச் செய்கின்றன.

• இரவில் ஆன்ம சோதனை. படுக்கப்போகும் முன் அன்றைய நாளை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது. எதற்கு நன்றி, எங்கே தவறு, நாளைக்கு என்ன?

• தனியாகச் சுமக்காமல் இருப்பது. கத்தோலிக்கர்களுக்கு ஒன்பது நாள் நவநாள். புராட்டஸ்டன்ட் சபைகளில் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம். ஒருவர் சோர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தொடர்வார்.

கேட்டது கிடைக்கவில்லை என்றால்?

கஷ்டமான கேள்வி இதுதான். "உனக்கு விசுவாசம் பத்தலை", "இன்னும் உருக்கமா ஜெபிச்சிருக்கணும்". குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியும், நோயாளியின் குடும்பமும் இந்த வார்த்தைகளைக் கேட்க நேர்கிறது. ஏற்கெனவே உள்ள வலியின் மேல் இது இன்னொரு குற்ற உணர்வு.

பைபிள் இந்தப் பேச்சுக்கு இடம் தரவில்லை. பிடிபடுவதற்கு முன்பு கெத்சமனே தோட்டத்தில், இந்தத் துன்பம் தன்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு மூன்று முறை ஜெபித்தார். நீங்கவில்லை. தன் உடலில் இருந்த 'முள்' அகல வேண்டும் என்று பவுலும் மூன்று முறை கேட்டார். முள் அகலவில்லை, அதைத் தாங்கும் பலம் கிடைத்தது என்று எழுதினார். இந்த இருவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்லமாட்டார்.

பல வருடம் கழித்துப் பதில் வந்த கதையும் உண்டு. தறிகெட்டுத் திரிந்த மகன் அகுஸ்தினாருக்காகக் கண்ணீரோடு ஜெபித்தவர் மோனிக்கா. மகன் 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் தாய் இறந்துபோனார். ஜெபித்த காலத்தில் அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. வட ஆப்பிரிக்காவில் இருந்து கடல் கடந்து, மகன் இருந்த மிலான் வரை போனார். லூக்காவின் விதவையும் அப்படித்தான், நீதிபதியின் வாசலுக்கு நடந்தே போனார்.

அதனால் கோணான்குப்பத்துக்கு நேர்ந்துகொள்வதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. வேலைக்காக ஜெபிப்பவர் விண்ணப்பமும் போடலாம். கடனுக்காக ஜெபிப்பவர் வங்கியில் போய்ப் பேசலாம். பக்கத்து வீட்டில் ஒருவர் வருடக்கணக்கில் வேண்டிக்கொண்டிருந்தால், "ஏன் இன்னும் கிடைக்கலை?" என்று கேட்பதற்குப் பதிலாக, அடுத்த நவநாளுக்கு அவரோடு கூடப் போகலாம்.