கேட்டால்தான் கிடைக்கும் ஜாமீன்

பரபரப்பான வழக்கு எதிலாவது 90 நாள் கெடு நெருங்கிவிட்டால் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் கைதானவர் தானாக வெளியே வந்துவிடுவாரா?" வரமாட்டார். கேட்க வேண்டும், அதுவும் நேரத்தோடு கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்டுப் பெறும் ஜாமீனை வக்கீல்கள் 'மேண்டேட்டரி பெயில்' என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2)-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு. மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டுக்குக் குறையாத சிறை என்றால் 90 நாள்; மற்றவற்றுக்கு 60. கெடு தாண்டினால், குற்றம் எவ்வளவு கொடியதானாலும் ஜாமீன் தந்தே ஆக வேண்டும்.

ஆனால் மனு போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. சென்னையில் நடந்த போதைப்பொருள் வழக்கு ஒன்றில், அதற்கான தனிச் சட்டப்படி கெடு 180 நாள். அது முடிந்த மறுநாள், 2019 பிப்ரவரி 1, காலை 10.30 மணிக்கு ஜாமீன் மனு நீதிமன்றத்தில் இருந்தது. அதிகாரிகளின் புகார் மனு (அங்கே குற்றப்பத்திரிகைக்குப் பதில் அதுதான்) வந்தது மாலை 4.25-க்கு. சிறப்பு நீதிமன்றம் தந்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. முந்திக்கொண்டது மனு.

அந்த வழக்கில் கைதானவருக்காகக் காலையிலேயே வக்கீல் வந்து நின்றார். ஜெயிலில் கிடக்கும் கூலித் தொழிலாளிக்குக் கெடு முடிந்ததை யார் சொல்வது? நீதிபதி சொல்வது நல்லது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நல்லது என்பது போதாது. சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

குற்றப்பத்திரிகை என்பது?
விசாரணை முடிந்துவிட்டதாகக் காவல் துறை சொல்லும் அறிக்கை. கெடுவுக்கு முந்தைய நாள் தாக்கல் செய்துவிட்டு 'மேல் விசாரணை தொடர்கிறது' என்றும் சொன்னால், எது முடிந்தது என்று கேளுங்கள்.

நாளை எப்படி எண்ணுவது?
கைதான நாளிலிருந்து அல்ல. காவலில் வைக்க நீதிபதி உத்தரவிட்ட ரிமாண்ட் நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து.

சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட (உபா) வழக்கில்?
நீதிமன்றம் அனுமதித்தால் 180 நாள் வரை நீளும்.

கொரோனா காலத்தில் கெடு நீண்டதா?
இல்லை, 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்ததா?
இல்லை.

வக்கீல் வைக்க வசதியில்லையே?
மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, தொலைபேசி 15100. ரிமாண்ட் தேதியைச் சொல்லி, கெடு முடியும் முன்பே மனுவைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.