காஞ்சனா பேய்க்கு ஏன் அவ்வளவு கோபம்?

ராகவா லாரன்ஸின் 'முனி' 2007இல் வந்தது. அதன் இரண்டாம் பாகமான 'காஞ்சனா' 2011இல். கதை புதியது, முதல் பாகம் பார்க்காதவருக்கும் புரியும்.

ஹாலிவுட்டின் 'ஃபிரைடே தி தேர்ட்டீன்த்' வரிசையில், 1986இல் கல்லறையிலிருந்து எழும் ஜேசன் எதிர்ப்பட்டவரையெல்லாம் கொல்வான். காஞ்சனா அப்படியல்ல. சரத்குமார் நடித்த இந்தத் திருநங்கை மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி ஒருவன் அபகரித்து, அவளையும் கொன்று புதைக்கிறான். அவள் தேடிப் போவது கொன்றவர்களை மட்டுமே.

தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் உண்டு. அவர்களுக்கு இந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. சிரிப்புக் காட்சிகள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கடைசியில் அவன் கோயிலுக்குள் ஓடி ஒளிய, காஞ்சனா வாசலில் நின்று நியாயம் கேட்க, தெய்வமே வழி விடுகிறது.